பறக்கத்து வலை

சூறாவளி எங்கள் கரையின் கூரைகளை அள்ளிப்போன சில வருடங்களுக்குப் பிறகு தங்கச்சிக்குக் கலியாணம் பேசினோம். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். சுவர் எழும்பியிருந்தது. "தென்னங்கிடுகு வேணா, ஓடு போடுங்க" என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். வாப்பா மௌத்தாகி அடக்கமும் முடிந்திருந்ததால், ஓட்டுக் காசு அவளுடைய மூத்த காக்காவான என் கையில் இருந்தது.

அந்தக் காலம் கல்முனைக் கரையில் கரைவலைப் பங்குகள் கைமாறும். ஒரு வலையைத் தனி ஆள் வாங்க ஏலாது. எட்டுப் பேர் சேர்ந்து போடுவார்கள், முடைப்பட்டவன் தன் பங்கை விற்பான். தெற்கு மீன்வாடி வலையில் கீரி மீனும் பாரை மீனும் ஓயாமல் ஏறின. அல்லாஹ்வின் அருள் இறங்கிய பறக்கத்து வலை என்றார்கள். அந்தச் சொல் பிறந்த பிறகு ஒருவரும் வலையைப் பார்க்கவில்லை. விலை ஏறுகிறதென்று வாங்கினார்கள், வாங்கியதால் ஏறியது. நானும் வாங்கினேன், கடைசி ஆளாக.

மீன் நின்றது. நாளெல்லாம் இழுத்தால் சொறிமீன், பாசி, உப்பு. பறக்கத்து வலை கண்ணூறு வலையானது. எல்லோரும் விற்றார்கள், நானும் பாதி விலைக்கு விற்றேன். மிச்சத்தைக் கொண்டுபோய், வடக்கு வாடியில் ஒருவரும் சீண்டாத வலையில் போட்டேன். அலுத்த மனதுக்கு எதிர்த்திசைகூட ஒரு ஓய்வுதான்.

தேத்தண்ணிக் கடையில் மச்சான் சிரித்தார்.

"மையத்து வலைக்குக் கபன் துணியும் வாங்கப் போறீங்களோ?"

"ஆக்களோட ஓடித்தானே பட்டன். இனி ஆக்கள் விடுறதத்தான் புடிப்பன்."

"விட்டதுக்கு ஒரு காரணம் இரிக்குமே. மீன் சேர்ற வலை மடியத் தொட்டுப் பாத்தீங்களா?"

தொட்டுப் பார்க்கவில்லை. ஆட்களின் முகங்களைத்தான் பார்த்திருந்தேன்; முன்பு அவற்றோடு நடந்தேன், இப்போது அவற்றுக்கு எதிரே.

மூன்றாம் நாள் மீன் வந்தது. கடல் வெள்ளியாகக் கொதித்தது. கரை ஏற முப்பது முழம் இருக்கையில், மீன் சேர்ந்த மடி இற்று வாய் பிளந்தது. கயிற்றைப் பிடித்தபடி நின்றோம். நான் நினைத்தது சரி, மீன் வரும். வலைதான் உளுத்திருந்தது.

தங்கச்சி குசினியில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கத்தியை நிறுத்தவில்லை.

"ஏறக்குள்ளயும் வாங்கினீங்க, இறங்கக்குள்ளயும் வாங்கினீங்க. ஓடு மட்டுந்தான் வாங்கல்ல, காக்கா."

மாப்பிள்ளை வீட்டார் ஒரு போகம் பொறுத்தார்கள். அதற்கடுத்த வருடம் கிடுகுக் கூரையின் கீழ்தான் அவளுக்குக் காவின் எழுதிக் கலியாணம் முடித்தோம். மாப்பிள்ளை வேறு ஆள்.