காட்டு வழியாக நாலு நாள்

பயண முகவர்கள் நிறையப் பயணம் செய்வார்கள் என்றொரு நம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது. பொதுநலன் கருதி இதை உடனடியாகத் திருத்த வேண்டியது என் கடமை. பயண முகவர் பயணம் செய்வதில்லை. அவர் ஒரு சுழல் கதிரையில் இருந்துகொண்டு, மற்றவர்கள் போகும் ஊர்களின் மூன்றெழுத்துச் சுருக்கங்களை மனப்பாடம் செய்கிறார். தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில், ஒரு மளிகைக் கடைக்கும் வீடியோக் கடைக்கும் நடுவில் இருந்த பயண முகவர் நிலையத்தில் நான் ஆறு வருடம் அப்படி இருந்தேன். கொழும்புக்கும் சென்னைக்கும் பாரிசுக்கும் எத்தனையோ பேரை அனுப்பினேன். நான் போன ஆகத் தூரமான இடம் நயாகரா. அதுவும் வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு, பதினான்கு தடவை.

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பிழைக்கும், முதுகு நோவுள்ள சகோதர சகோதரிகளே, எனக்கு ஒரே ஒருமுறை அந்தக் கதிரையிலிருந்து எழும்பக் கிடைத்தது. அந்த நன்றியில்தான் இதை எழுதுகிறேன்.

விளம்பரம்

எங்கள் முதலாளி மகேந்திரன் அண்ணைக்குப் பெருவின் லீமாவிலிருந்து ஒரு தொலைநகல் வந்தது. எட்டுப் பேரைச் சேர்த்துக் கொடுத்தால், மழைக்காட்டு மலைப்பாதையில் நான்கு நாள் நடத்தி, மச்சு பிச்சு என்ற பழைய இன்கா நகரத்தின் இடிபாடுகளுக்குக் கொண்டுபோவார்கள். கூட்டி வரும் முகவருக்குக் கட்டணம் இல்லை. மகேந்திரன் அண்ணைக்கு முழங்கால் வருத்தம். “நீர்தானே உந்தப் புத்தகமெல்லாம் வாசிக்கிறனீர், நீரே போம்” என்று சொல்லிவிட்டார். தமிழ் வாரப் பத்திரிகைக்கு விளம்பரத்தையும் நானே எழுதினேன்: ‘தென் அமெரிக்கா. காட்டு வழியாக நாலு நாள் நடை. சிறு குழு. பாரம் தூக்க ஆள் உண்டு. நம்பகமான வழிகாட்டி. விபரங்கள் நேரில்.’ ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் சனத்தின் வாயில் ‘ஏஜென்சி’ என்றால் ரிக்கற் விற்பவன் அல்ல, கடவுச்சீட்டு இல்லாதவர்களை எல்லை கடத்திவிடுபவன். இது நன்றாகத் தெரிந்திருந்தும் அந்த விளம்பரத்தை எழுதியது என்னுடைய மூளைதான். பத்திரிகை வெளிவந்த அன்று மத்தியானத்துக்குள் போன் சூடாகிவிட்டது. நாலு நாள் நடந்தால் எந்த நாட்டில் போய் ஏறலாம் என்று கேட்டார்கள். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்களா என்று கேட்டார்கள். ஒருவர் தன் மச்சானின் பாஸ்போட் அளவுப் படத்தோடு நேரிலேயே வந்துவிட்டார். பக்கத்து மேசைச் சுகந்தி சிரிப்பை அடக்க முடியாமல், தேநீர் போடும் குசினிக்குள் போய் நின்றாள். கடைசியாக அழைத்த ஓர் அம்மாவிடம், நடந்து முடிந்தால் வேறு நாடு எதுவும் வராது, இடிந்த கட்டடங்கள்தான் வரும் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: “இடிஞ்ச வீடு பாக்கவோ தம்பி நாலு நாள் நடக்கிறது? அதை நாங்கள் ஊரிலை வாசல்லை நிண்டே பாத்தனாங்கள்.”

இன்காவும் எங்கடையும்

பொன்னுத்துரை அங்கிள் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் பணிமனையில், முப்பது வருடம் கோப்புகளோடு இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு கொப்பியோடு வந்து என் முன்னால் அமர்ந்தார். ‘இன்கா’ என்பது ‘எங்கடை’, அதாவது ‘எங்களுடைய’, என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இன்கா என்பது ஓர் இனத்தின் பெயரே அல்ல, அது அரசனுடைய பட்டம், கெச்சுவா மொழிச் சொல், அந்த மொழிக்கும் நமக்கும் நடுவில் ஒரு பெருங்கடல் கிடக்கிறது என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். வெளியில் மூன்று வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். அங்கிள் நான் சொன்னதையெல்லாம் ‘எதிர்த்தரப்பு’ என்று தலைப்பிட்டு ஒழுங்காக எழுதிக்கொண்டார். கொப்பியை மூடிவிட்டு, பயணத்துக்குத் தன் பெயரைப் பதியச் சொன்னார்.

“நீர் ஒத்துக்கொள்ளாட்டிப் பரவாயில்லை தம்பி. நான் நேரை போய் அவையளிட்டையே கேக்கிறன்.”

குணத்தின் கேள்வி

அடுத்து வந்தவர் குணம். முப்பத்தாறு வயதிருக்கும், பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. விலை கேட்கவில்லை, சாப்பாடு கேட்கவில்லை. வழிகாட்டி எங்களோடேயே நடப்பாரா, முன்னால் போய்விடுவாரா என்று கேட்டார். வழிகாட்டி என்றால் முன்னால் போவதுதானே முறை என்றேன். அந்தச் சொல்லுக்கு இலக்கண விளக்கமும் கொடுத்தேன் என்று நினைக்கிறேன். குணம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். கனடாவுக்கு வரும் வழியில், ஐரோப்பாவில் ஓர் எல்லைக் காட்டுக்குள் அவரையும் இன்னும் பத்துப் பேரையும் ஏஜென்சிக்காரன் கூட்டிப் போயிருக்கிறான். பாதி வழியில், ‘பத்து நிமிசம் நில்லுங்கோ, முன்னுக்குப் பாத்திட்டு வாறன்’ என்று சொல்லிவிட்டுப் போனான். பதினொரு பேரும் பனிக்குள் ஒன்றரை நாள் நின்றார்கள். அவன் வரவில்லை. மரம் வெட்ட வந்தவர்கள்தான் கண்டு காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு மரம் அடர்ந்த எந்த இடத்துக்குள்ளும் குணத்துக்குக் கால் வைக்க முடியவில்லை. போன மாதம்தான் கனடாக் கடவுச்சீட்டு கிடைத்திருந்தது.

நான் மெல்லக் கேட்டேன், காட்டுப் பயம் தெளிய வேண்டுமென்றால் ஒன்ராறியோவில் இல்லாத காடா, ஏன் பெருவுக்குப் போகவேண்டும் என்று.

“காடு இஞ்சையும் இருக்கு அண்ணை. கூட்டிக்கொண்டு போறவன் திரும்பி வாறதை நான் ஒருக்காப் பாக்கவேணும்.”

வரிசை

மிச்ச ஆறு பேரும் மிசிசாகாவைச் சேர்ந்த ஒரே குடும்பத்து மச்சான் மச்சாள்மார். அவர்கள் தங்களுக்குள்ளேயே சண்டைபிடித்துத் தங்களுக்குள்ளேயே சமாதானமானதால் இந்தக் கதையில் அவர்களுக்கு அதிகம் வேலையில்லை. எங்கள் வழிகாட்டியின் பெயர் எப்ராயின். குஸ்கோவுக்குப் பக்கத்துக் கிராமத்தவர், நாற்பது வயது, கட்டையான ஆள், நல்ல ஆங்கிலம். பாதை தொடங்கும் ஆற்றுப் பாலத்தடியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. “செக் பொயின்ற்” என்றார் எப்ராயின். அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். யாரும் கேட்காமலேயே நாங்கள் ஒன்பது பேரும் ஒற்றை வரிசையில் நின்றோம். கடவுச்சீட்டு கையில், பை திறந்தபடி, பேச்சு மூச்சில்லை. மச்சான்மார்கூட. வெயிலில் இருந்து சோளம் தின்றுகொண்டிருந்த காவலர் எழும்பி நின்று எங்களைப் பார்த்தார். அவருக்குத் தேவைப்பட்டது நுழைவுச் சீட்டு மட்டும்தான். நீங்கள் எல்லோரும் பழைய இராணுவத்தினரா என்று அவர் கேட்பதாக எப்ராயின் மொழிபெயர்த்தார்.

பொன்னுத்துரை அங்கிள் என் தோளைத் தட்டினார். “இல்லையெண்டு சொல்லும் தம்பி. ஆமிக்கு முன்னாலை வரிசையிலை நிண்டனாங்கள் எண்டு சொல்லும்.”

எத்தனையாம் பக்கம்?

நான் இன்கா வரலாறு பற்றி மூன்று தடித்த புத்தகங்களைப் பையில் கொண்டுபோயிருந்தேன். எப்ராயின் ஏதாவது சொல்லும்போது, ஆண்டிலோ அரசனின் பெயரிலோ சிறு பிசகு இருந்தால் திருத்தினேன். முதல் நாள் ஆறு தடவை, இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் ஐந்து. அவர் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னார், என்னைப் ‘புரொபெசர்’ என்று கூப்பிடத் தொடங்கினார். இரண்டாம் நாள் பின்னேரம் நாலாயிரத்து இருநூறு மீற்றர் உயரத்தில் ஒரு கணவாய். சுமை தூக்குபவர்கள் ரப்பர்ச் செருப்போடு காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடினார்கள். நான் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, அன்று சாப்பிட்டதையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன்.

எப்ராயின் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். பிளாஸ்கிலிருந்து கொக்கா இலைத் தேநீர் ஊற்றித் தந்தார். புத்தகப் பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். கடைசிவரை அதை என்னிடம் திருப்பித் தரவில்லை. அந்த உதவிக்கு ஏற்ற நன்றியை நான் இன்னும் எந்த மொழியிலும் சொல்லிமுடிக்கவில்லை. அவர் அப்போது மிகவும் மரியாதையாகக் கேட்டது இதுதான்: “புரொபெசர், இதற்கு எத்தனையாம் பக்கம் பார்க்க வேண்டும்?”

நேர்முக விசாரணை

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பொன்னுத்துரை அங்கிள் கொப்பியைத் திறந்துவைத்து, ‘இன்கா’ என்றால் என்ன என்று எப்ராயினிடம் கேட்டார். “அரசன்” என்றார் எப்ராயின். நான் வெற்றியோடு அங்கிளைப் பார்த்தேன். அவர் பேனையை மூடினார்.

“பாத்தீரே? ‘எங்கடை ராசா’ எண்டுதான் இருந்திருக்கு. இவையள் ராசாவை விட்டிட்டு எங்கடையை மட்டும் வைச்சிருக்கினம்.”

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் பாதை மழைக்காட்டுக்குள் இறங்குகிறது. கல்லுப் படிகள், படிகளின் மேல் பாசி, பாசியின் மேல் தூறல். கொப்புகளிலிருந்து தாடி தாடியாக ஏதோ தொங்கும். பத்து மீற்றருக்கு அப்பால் வெறும் முகில்தான். அதுவரை பாதை வெளியான மலைச்சரிவில் போனதால் குணம் எப்ராயினுக்குப் பின்னால் ரயில் பெட்டிபோலக் கொளுவிக்கொண்டு நடந்திருந்தார். காட்டு வாசலில், முன்னால் மரம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்க்க எப்ராயின் விறுவிறென்று உள்ளே போனார். முகில் அவரை மூடிவிட்டது. குணம் நின்றுவிட்டார். ஒரு கை கடவுச்சீட்டு இருந்த உள்பொக்கற்றில்.

“அண்ணை, அந்த ஆளைக் காணேல்லை.”

“முன்னாலைதான் நிக்கிறார்.”

“அவனும் முன்னாலைதான் நிண்டவன்.”

நான் உள்ளே ஓடினேன், ஒரு தடவை சறுக்கி விழுந்தேன், எப்ராயினைப் பிடித்து நாலு வசனத்தில் விசயத்தைச் சொன்னேன். அவர் திரும்பி வந்து குணத்துக்கு முகத்தைக் காட்டினார், கையை உயர்த்தினார், மறுபடி நடந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் அதையே செய்தார். போய்ப் பார்ப்பார், திரும்பி வருவார், முகத்தைக் காட்டுவார், போவார். மழை பெலத்தபோதும் ஒரு வளைவைக்கூடத் தவறவிடவில்லை. பின்னேரமாகும்போது அந்தக் காட்டை அவர் இரண்டு தடவை நடந்திருந்தார். காரணம் தெரியாத பொன்னுத்துரை அங்கிளுக்கு மனக்குறை வந்துவிட்டது.

“உந்த ஆள் எல்லாத்தையும் ரெண்டு தரம் பாக்கிறார். எங்களுக்கு மட்டும் ஒருக்காத்தான் காட்டுறார்.”

பத்து நிமிசம்

நாலாம் நாள் காலை, பழைய கல் வாசல் ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் கீழே மச்சு பிச்சு தெரிய வேண்டும். தெரிந்தது முழுக்கப் புகார், வெள்ளைப் பனிமூட்டம். எண்ணிப் பார்த்தால் பொன்னுத்துரை அங்கிளைக் காணவில்லை. எப்ராயின் வந்த வழியைப் பார்த்தார், பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார், ஏதோ சொல்லிவிட்டுக் காட்டுக்குள் இறங்கிப் போனார். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது என்பது என் கொள்கை. “பத்து நிமிசம் நிக்கட்டாம், வாறாராம்” என்றேன். சொல் வெளியே போன பிறகுதான் எனக்கு விளங்கியது. என் வாழ்க்கையில் சரியாக மொழிபெயர்த்ததற்காக வருந்தியது அந்த ஒருமுறைதான்.

குணம் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு கல்லில் இருந்தார். பத்து நிமிசம் போனது, இருபது போனது. மச்சான்மார் யாரில் பிழை என்று விவாதிக்கத் தொடங்கினார்கள். குணம் சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். அரை மணித்தியாலமானதும் எனக்குப் பொறுக்கவில்லை. நான் போய்ப் பார்க்கிறேன் என்று எழும்பினேன். குணம் என் சட்டைக் கையைப் பிடித்தார். “இருங்கோ அண்ணை. அவர் வருவார்.” யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் இருந்தேன்.

அப்போதுதான் புகார் கிழிந்தது. கீழே பச்சை மலைமுதுகில், படிக்கட்டுத் தோட்டங்களும் கூரையில்லாத சுவர்களுமாக ஒரு முழு நகரம். மச்சாள்மார் கத்தினார்கள், கமெராக்கள் அடித்தன. அந்த இடத்தைப் பற்றி மூன்று புத்தகம் படித்தவனுக்கு ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. அப்படி ஞாபகம் வராமல் போனதற்கு இன்றும் நன்றியோடிருக்கிறேன். குணம் மட்டும் நகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டுப் பாதையையே பார்த்தபடி இருந்தார். முதலில் அங்கிளின் தொப்பி வந்தது. பிறகு அங்கிள், ஒரு காலில் சப்பாத்து, மற்றச் சப்பாத்தின் அடி கழன்றதால் அந்தக் காலில் யாரோ கொடுத்த ரப்பர்ச் செருப்பு. அவருக்குப் பின்னால் இரண்டு பைகளோடு எப்ராயின்.

குணம் எழும்பி மணிக்கூட்டைப் பார்த்தார். “நாப்பத்திமூண்டு நிமிசம்” என்றார். போய் எப்ராயினின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“பத்தெண்டு சொன்னது பிழை எண்டு சொல்லுங்கோ அண்ணை. வந்தது சரி எண்டும் சொல்லுங்கோ.”

எட்டுப் பேரைக் காட்டுக்குள்ளால் கொண்டுபோய் எட்டுப் பேரையும் திருப்பிக் கொண்டுவந்த ஒரே ஏஜென்சிக்காரன் என்று சுகந்தி எனக்குப் பட்டம் சூட்ட, நான் பழையபடி சுழல் கதிரையில் போய் இருந்தேன். மோர்னிங்சைட்டில் வீட்டுக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் நடுவில் இருக்கும் மரக்காட்டுப் பூங்காவை அதுவரை சுற்றி நடந்துபோன குணம், அந்த மாதம் முதல் வீட்டிலிருந்து கால் மணித்தியாலம் பிந்தி வெளிக்கிட்டும் அதே பஸ்ஸைப் பிடித்தார்.