டீ குடித்தால் திறக்கும் ஃபோல்டர்

இன்று காலை கம்ப்யூட்டர் ரிப்பேருக்காக நாகலூரில் ஒரு எஸ்டேட் ஆபீஸுக்குப் போயிருந்தேன். காப்பி லாரி வாசலில் நிற்கிறது. எடை விவரம் இருக்கும் ஷேர் ஃபோல்டரோ காலி.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பதறவில்லை. "டீ குடிச்சுட்டு வந்து ரீஸ்டார்ட் பண்ணுனா வந்துருமுங்க."

சிரித்தேன். பார்த்தால் அவர் சொன்னது சரி.

இடிக்குப் பயந்து தினமும் ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். காலையில் லினக்ஸ் கம்ப்யூட்டர் முந்திக்கொண்டு எழுந்து சர்வரைத் தேடுகிறது. சர்வர் எழுவதற்குள் மவுண்ட், அதாவது ஃபோல்டரை இணைக்கும் வேலை, தோற்றுவிடுகிறது.

ஃபோல்டரைத் திறக்கும்போது மவுண்ட் ஆகும்படி செட்டிங்கில் ஒரு வரியை மாற்றினேன். லாரி கிளம்பியது.

"இனி ரீஸ்டார்ட் வேண்டாங்க. சர்வர் எழுற வரைக்கும் பொறுத்தாப் போதும்."

"அப்ப டீ நிக்காதுங்களே?"

"நிக்காதுங்க."

"நொம்ப சந்தோசமுங்க!"

சர்வரைச் சீக்கிரம் எழுப்பவும் வழி இருக்கிறது. தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் எழுதித் தொலைக்காதீர்கள்.