மதியம் 2.10க்குத் தட்டும் ஹார்ட் டிஸ்க்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். கதை கட்டிப் பிழைக்க வேண்டிய தலையெழுத்து எனக்கில்லை. என் அக்கா வீட்டில் நடந்தது இது. இரண்டு காதாலும் கேட்டேன்.

அத்தான் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர். போன வருஷம் ஒருநாள் மதியம், ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தார். அவருடைய ஆறு வயது மகள் ஒளிந்து விளையாட இரும்பு பீரோவுக்குள் போனாள். கதவு பூட்டிக்கொண்டது. "உள்ள போனதுமே மயங்கியிருக்கும். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் நடமாடுகிறார்.

குழந்தையின் வீடியோக்கள் எல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தன. அதன் டிஸ்க் சாகக் கிடந்தது. புதிது வாங்கக் கடைக்குப் போனோம்.

"சத்தமே போடாத எஸ்.எஸ்.டி. வாங்குங்களேன்" என்றாள் அக்கா.

"அது சொல்லாம கொள்ளாம செத்துடும். சுத்துற டிஸ்க்னா முன்னாடியே சத்தம் போடும். காப்பாத்த நேரம் கிடைக்கும்" என்றார் அத்தான்.

ஊருக்கே டிஸ்க் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற மகாராசா. எதிர்த்துப் பேச முடியுமா? சீல் பிரிக்காத புது டிஸ்க் வாங்கினார்.

மறுநாள் காலையில் வீடியோக்களை ஏற்றினார். மதியம் சரியாக 2.10.

டொக்… டொக்… டொக்…

சோதித்தார். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. 2.51க்குச் சத்தம் நின்றது.

அடுத்த நாளும் 2.10. டொக்… டொக்…

பிளக்கைப் பிடுங்கினார். நிற்கவில்லை.

கழற்றி உள்ளங்கையில் வைத்தார். டொக்… டொக்…

முதலில் வேகமாக.

பிறகு மெதுவாக…

2.51. நின்றது.

அத்தான் சிரித்தார். ஒரு வருஷம் கழித்து!

"பாப்பாடா! என்கூட விளையாட வந்திருக்கா."

மூன்றாம் நாள் அவரும் விரலால் திருப்பித் தட்டினார்.

அந்தத் தட்டல் மெதுவாகி மெதுவாகி அடங்கியது அக்காவை உறுத்தியிருக்கிறது. இதுவரை வாங்கவே வாங்காத பிரேதப் பரிசோதனை அறிக்கையை ஆஸ்பத்திரியில் போய் வாங்கி வந்தாள். சமையலறையில் என்னிடம் நீட்டினாள்.

குழந்தையின் இரண்டு கை விரல் முட்டிகளிலும் தோல் உரிந்திருந்தது. மூச்சு அடங்க நாற்பது நிமிடமாவது ஆகியிருக்கும்.

டாக்டர் இரக்கப்பட்டுப் பொய் சொல்லியிருக்கிறார். பாவி மனுஷன்!

"அவர்கிட்ட மூச்சு விடாதடா" என்றாள் அக்கா.

மணி 2.10.

பக்கத்து அறையில் அத்தானின் குரல்…

"இன்னும் பலமா தட்டு செல்லம்! அப்பா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்!"