சைவ நாயின் சொந்தக்காரன்

நாய் வளர்ப்பதும் ஒரு உத்தியோகம்தான். லீவு கிடையாது, பிரமோஷன் கிடையாது, மெமோ மட்டும் தினமும் வரும். திருவனந்தபுரத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருபத்தெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிற எனக்கு, ஐம்பத்து நான்காவது வயதில் இந்த இரண்டாவது வேலையும் வந்து சேர்ந்தது. கொட்டுகிற மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஜீவன் மனசு வைக்கிற வரைக்கும் மின்கம்பத்தடியில் காத்து நிற்கிற சக ஊழியர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேலையில் சேர்ந்தது

என் மகள் மீனாவுக்கு ஊரின் மறுகோடியில் கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை. அங்கே ஃபிளாட் எடுத்துத் தங்கியிருந்தவள், பக்கத்து ஹாஸ்டல் வாசலில் நனைந்துகொண்டிருந்த ஒரு குட்டியைத் தூக்கி வந்து வளர்த்தாள். பாதி லாப்ரடார், மீதி என்னவென்று தெரியாது. அதனால் மிக்சர் என்று பெயர் வைத்தாள். ஒரு வயது முடிந்த சமயத்தில் கம்பெனி அவளைப் புனேவுக்கு அனுப்ப, மிக்சர் வலியசாலை அக்கிரகாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடவே ஒரு கிண்ணம், ஒரு பந்து, இரண்டு பக்கத்துக்கு எழுதிய விதிமுறைகள்.

விதிமுறையில் இரண்டாவது வரியே தினமும் இரண்டு முட்டை, வாரத்தில் மூன்று நாள் வேகவைத்த சிக்கன். நாங்கள் தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த சைவ வேளாளர்கள். முட்டை போட்ட கேக்கை யாராவது கொண்டு வந்தால் அதைக் கேட்டிலேயே வாங்கி, கேட்டிலேயே வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிற வீடு. "சரிம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். மகள் என் முகத்தையே பார்த்தாள். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்: "அப்பா, அது நம்ம ஜாதி இல்ல. நாயாக்கும். மறந்துராதீங்க."

தெருவின் பெருமை

முதல் நாள் தயிர் சாதத்தை மிக்சர் மோந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாம் நாள் கிண்ணத்தைக் கழுவி வைத்த மாதிரி நக்கித் தீர்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பருப்பு சாதம், அவியல், தோரன், எதைப் போட்டாலும் சாப்பிட்டது. பசித்தால் சாப்பிடத்தானே செய்யும் என்று அன்றைக்கு என் புத்தியில் உறைக்கவில்லை. நான் திருத்திவிட்டேன் என்றே நினைத்தேன்.

சாயங்காலம் கோயில் பக்கம் அதை நடத்திக்கொண்டு போகும்போது, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன். "முட்டைகூடக் கிடையாதா?" என்றால், "வாசனையே ஆகாது, மூஞ்சியைத் திருப்பிக்கிடும்" என்று கைச்சரக்கும் கொஞ்சம் சேர்த்தேன். மாம்பலத்திலிருந்து வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மாமி எங்கள் வீட்டுக்கு நாயைப் பார்க்கவே வந்தாள். எதிர்வீட்டுக் கல்யாணராமன் சாருக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. ரிடையரான கணக்கு வாத்தியார். மனைவி போன வருஷம் தவறிவிட்டார், மகன் அமெரிக்காவில். அவர் மிக்சரின் தலையைத் தடவிச் சொன்னார்: "நம்மாத்துப் பிள்ளைகள் கழக்கூட்டம் போய் என்னென்னமோ திங்கறதுகள். தெரு மானத்தைக் காப்பாத்த ஒரு நாய் வரவேண்டியிருக்கு, பாத்தேளா பிள்ளைவாள்!"

மீன் பாத்திரம்

பெரிய ரோட்டு முனையில் காலையில் ஒரு அம்மாள் அலுமினியப் பாத்திரத்தில் மீன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவது என் வழக்கம். ஒரு நாள் போன் பேசிக்கொண்டே வழி மறந்து போய்விட்டேன். மிக்சர் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பாத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. வாயை வைக்கவில்லை. உட்கார்ந்து அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். சங்கிலியை எவ்வளவு இழுத்தும் அசையவில்லை.

அவள் ஒரு மத்தியை எடுத்து நீட்டினாள். தெருக்காரர்கள் இரண்டு பேர் பால் வாங்கிக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது. "வேண்டாம், வேண்டாம், வயிறு சரியில்லை. டாக்டர் மீன் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்று நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினேன். இருபது கிலோ நாய் தோளில் கிடந்து பின்னால் பார்த்து அழுதது. நாயைப் பட்டி என்பது மலையாளம். முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது: "டாக்டர் பறஞ்ஞது சாரினோடோ, பட்டியோடோ?"

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால்

மீனா ஞாயிறுதோறும் நாயைப் பார்க்கக் கூப்பிடுவாள். எங்களை அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொள்வாள். "முட்டை சாப்பிட்டானா?" என்பாள். "ஓ, ரெண்டு" என்பேன். மூன்றாவது மாதம் மிக்சருக்கு முதுகில் முடி கொட்ட ஆரம்பித்தது. ஷாம்பூ மாற்றினேன், வேப்பெண்ணெய் தடவினேன். போனை அதன் மூஞ்சிக்கு நேராக மட்டும் பிடித்தேன். அப்படியும் ஒரு நாள் அது திரும்பிவிட, "என்னப்பா முதுகுல?" என்றாள். வெளிச்சம் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, கால் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால், என் பழைய வேட்டியைக் கிழித்து அதன் முதுகைச் சுற்றிக் கட்டினேன். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். குளிர் காலமாக இருக்கிறதம்மா என்றேன், திருவனந்தபுரத்தில் வளர்ந்த பெண்ணிடம். மீனா சிரித்துவிட்டு வைத்தாள். என் மனைவி சிவகாமி வேட்டியை அவிழ்த்தபடி சொன்னாள்: "பெத்த பொண்ணுகிட்ட பொய் சொல்ல நாய்க்கு வேட்டி கட்டிவிட்ட மனுஷன் இந்த லோகத்துலயே நீங்க ஒருத்தர்தான் இருப்பிய."

டாக்டரம்மா

என் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே மிக்சர் கேட்டில் இரண்டு காலையும் வைத்து நிற்கும். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் எனக்கு அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. அந்த வரவேற்புக்காகவே ஆபீசிலிருந்து நேரே வீட்டுக்கு வருகிறவனாகிவிட்டேன். ஒரு நாள் கேட்டில் யாரும் இல்லை. உள்ளே வந்து பார்த்தால் படுத்தபடியே வாலை மட்டும் ஆட்டியது. எழுந்திருக்க முயன்றது, பின்னங்கால் நிற்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு நாய் டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் இளம்பெண். மிக்சரின் விலா எலும்புகளை விரலால் எண்ணுகிற மாதிரி தடவினாள், ரத்தம் எடுத்தாள், என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். எந்த வியாதியானாலும் பரவாயில்லை, ஊசி போடுங்கள், கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி இருந்தாலும் கொண்டு போகிறேன் என்றேன். பசிக்கு மலையாளத்தில் விசப்பு என்று பெயர். பிறந்ததிலிருந்து காதில் விழுகிற சொல்தான். மூன்று வேளையும் நெய் மணக்கிற என் வீட்டைப் பற்றி அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. அவள் கோபப்படாமல் சொன்னாள்: "இதினு அசுகம் ஒண்ணுமில்ல சார். விசப்பாணு."

கோழிக் கடத்தல்

"கோழியும் முட்டையும் நம்ம அடுப்புல வேண்டாம். வெளியில எங்கயாவது கொடுங்க, ஆனா கொடுங்க" என்றாள் சிவகாமி. ஆபீசில் என் பக்கத்து மேஜை ஷாஜி. விஷயத்தைச் சொன்னதும் மறுநாளே அவன் வீட்டிலிருந்து உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஸ்டீல் டப்பாவில் வந்தது. அதை ஸ்கூட்டர் பெட்டியில் பூட்டி, மிக்சரைக் காலடியில் படுக்கவைத்துக்கொண்டு, கரமனை ஆற்றங்கரையில் ஆளில்லாத இடமாகப் பார்த்துப் போனேன். முதல் வாய் தின்றதும் அது நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. 'இது எனக்கா' என்று கேட்ட மாதிரி இருந்தது. ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

இரண்டே மாதத்தில் முடி முளைத்தது, பளபளவென்று ஆயிற்று, கேட்டில் மறுபடி இரண்டு கால் ஏறியது. மீனாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தெருவில் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படி இப்படி மின்னுகிறது என்று கேட்டவர்களிடம், "பருப்பும் நெய்யும்தான்" என்றேன். ஒரு நாள் ஆற்றங்கரை வரை கூட வந்த ஷாஜி, நான் டப்பாவை ஒளித்து ஒளித்துத் திறப்பதைப் பார்த்துவிட்டுத் தன் தமிழில் சொன்னான்: "சாரே, நான் கள்ளுக்கடைக்குக்கூட இத்தர ஒளிஞ்சு போனதில்ல, கேட்டோ."

கையெழுத்து

சக ஊழியர்களே, இதுவரை சிரித்திருந்தால் இனி கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் காலை கல்யாணராமன் சார் மேல்துண்டுக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். கறுப்பாக ஒரு குட்டி. மணி என்று பெயரும் வைத்தாகிவிட்டது. "ஆத்துக்குள்ள ஒரு சத்தமே இல்லை பிள்ளைவாள். உம்ம மிக்சரைப் பாத்துத்தான் தைரியம் வந்தது. என்னென்ன கொடுக்கறேள், எழுதித் தாரும்" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். வாசலில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். காலையில் ராகிக் கஞ்சி, மதியம் பருப்பு சாதம், ராத்திரி தயிர் சாதம் என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு, எல்லாம் தெரிந்து, என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

குட்டிக்கு வயிறு உப்பியது, முன்னங்கால்கள் வளைந்தன. நான் தினமும் எதிர்வீட்டு வாசலில் பார்த்தேன். ஒரு நாள் வேகவைத்த முட்டை ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவர் பார்க்காத நேரத்தில் குட்டிக்குக் கொடுத்துவிடலாம் என்று போனேன். அவர் என்னை உட்காரவைத்துப் பிரதோஷத்துக்கு அபிஷேகச் சாமான் யார் வாங்குவது என்று அரைமணி நேரம் பேசினார். குட்டி என் சட்டைப்பையைப் பார்த்தபடியே காலடியில் உட்கார்ந்திருந்தது. முட்டையோடு திரும்பி வந்தேன். சிவகாமி என் சட்டைப்பையைப் பார்த்தாள். "கோழி வாங்கிக் கொடுக்கத் தைரியம் இருக்கு. வாயைத் திறந்து சொல்லத்தான் இல்ல, என்ன?"

மறுபடியும் டாக்டரம்மா

ஆடி மழையில் மணிக்குக் காய்ச்சலும் பேதியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. திறந்திருந்தது அந்தப் பெண் டாக்டரின் கிளினிக் மட்டும்தான். ஆட்டோவில் சார் குட்டியை மடியில் வைத்து, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டதும், சார் பையிலிருந்து என் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். நாலாக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். யார் எழுதியது என்று அவள் கேட்டாள். "இதோ, இவர்தான். இவாத்து நாய் இதைத்தான் சாப்பிடறது, சிங்கமாட்டம் இருக்கு" என்று என் தோளில் கைவைத்தார், பெருமையாக. டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. காகிதத்தை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னாள்: "சார் ஒண்ணு புறத்து நிக்காமோ?"

கழுத்துப் பட்டை

நான் வெளியே நின்றுகொண்டிருந்தபோது குட்டியின் உயிர் போய்விட்டது. எதிர்த்து நிற்க உடம்பில் தெம்பில்லை என்று மட்டும் டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறாள். என் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் கருணையை நான் எந்த மூஞ்சியோடு வாங்கிக்கொள்வது?

அவர் வீட்டுப் பின்கட்டில் நானும் ஷாஜியும் குழி தோண்டினோம். மறுநாள் சாயங்காலம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து உள்ளே போய் ஒரு தோல் பட்டையைக் கொண்டு வந்தார். குட்டி வளர்ந்த பிறகு போடலாம் என்று பெரிதாக வாங்கி வைத்திருந்தது. கடை அட்டைகூடப் பிரிக்கவில்லை. "மிக்சருக்குப் போடும்" என்று என் கையில் வைத்து மூடினார். நான் அதை வாங்கிக்கொண்டேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறவர் மாதிரி சொன்னார்: "எங்கயோ நான்தான் தப்புப் பண்ணிட்டேன் பிள்ளைவாள். உம்மையாட்டம் பாத்துக்கத் தெரியலை எனக்கு."

நாய் வளர்க்கும் சக ஊழியர்களே, நாம் செய்ததையெல்லாம் நாய் வெளியே சொல்லிவிடுமோ என்று நீங்கள் பயப்பட வேண்டாம், அது கடைசிவரை வாயைத் திறக்காது. வாயைத் திறந்து சொல்கிற வேலையையும் நம் தலையிலேயே கட்டிவிட்டுத்தான் போகும்.