சிரிப்புக்குக் கீழே ஒரு வரி

சோமலதா தென்னகோன் ஒரு பட்டப்படிப்பு வகுப்பில்கூட உட்கார்ந்து படித்தவள் அல்ல. ஆனாலும் மாத்தளை மலைச்சரிவில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த விரிவுரையாளர் கேள்வி கேட்டுவிட்டுத் தானே பதில் சொல்லுவார், யார் பயம் வந்தால் கரும்பலகையோடு பேசுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பதினெட்டு வருடமாக அவர்களுடைய வகுப்புகளைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள்.

அவள் வேலை செய்யும் நிலையத்துக்குப் பெயர்தான் ஒரு முழ நீளம். இடம் இரண்டே அறை. புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்கள் வேலை நிரந்தரமாக வேண்டுமானால், தங்கள் வகுப்பைத் தாங்களே ஒலிப்பதிவு செய்து, அதில் என்ன கோளாறு, எப்படிச் சரி செய்யலாம் என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த ஒலிப்பதிவுகள் எல்லாம் சோமலதாவின் மேசைக்குத்தான் வரும். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர்கள் இந்த இரண்டு அறைக்குள் வந்ததும் பரீட்சை எழுத வந்த பிள்ளைகள்போல நகம் கடிப்பதைப் பார்க்க வேண்டுமே!

ஆரம்பத்தில் சோமலதா பெரிய தப்பு ஒன்று செய்தாள். அதற்கு முன் பதிவாளர் அலுவலகத்தில் கடிதம் அடித்த கை. யார் எப்படி உளறினாலும் அழகான வாக்கியமாக்கித் தருவதுதான் நல்ல தட்டச்சுக்காரியின் லட்சணம் என்று அங்கே பழகியிருந்தாள். முதல் வகுப்பையும் அப்படியே அடித்துக் கொடுத்தாள். திக்கல் இல்லை, திணறல் இல்லை, ஒரு "ம்ம்" கூட இல்லை. நிலையத்தின் தலைவி மாலனி மேடம் இரண்டு பக்கம் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன சோமலதா இது, போயா நாள் விகாரைப் பிரசங்கம் மாதிரி இருக்கு? அந்த மனுஷன் இப்படியா பேசினாரு?"

"இல்ல மேடம். நான்தான் கொஞ்சம் துப்புரவு பண்ணேன்."

"ஐயோ, அழுக்கையெல்லாம் துவைச்சிட்டியே! எனக்கு அந்த அழுக்குதான் வேணும்."

அன்றிலிருந்து அவள் எதையும் துவைப்பதில்லை. இருமினால் இருமல், சிரித்தால் சிரிப்பு, யாரும் பேசாமல் இருந்தால் ஒரு நொடிக்கு ஒரு புள்ளி. புள்ளி வைப்பது அவளாகக் கண்டுபிடித்தது. அதைப் பார்த்த விரிவுரையாளர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு எண்ணினார்கள். கேள்வி கேட்டுவிட்டு மாணவர்களுக்கு ஒரு புள்ளி நேரம்கூடக் கொடுக்காதவர்கள்தான் முக்கால்வாசிப் பேர்.

மண்ணியல் துறையிலிருந்து வந்த பசிந்து அபேகோன் அந்த முக்கால்வாசியில் ஒருவர். வயது முப்பது. கெட்டிக்காரர், கலகலப்பானவர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வரும்போதெல்லாம் சோமலதாவுக்குச் சர்க்கரை தூவிய முதலை வடிவ ரொட்டி, கிம்புலா பணிஸ், வாங்கி வருவார். பிள்ளை இல்லாத அவளுக்கு அவர்மேல் தனிப் பாசம். ஒளிப்பானேன், அவருடைய ஒலிப்பதிவைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் எடுத்து அடிப்பாள்.

அவர் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி, "என் மாணவர்கள் ஏன் வாயே திறப்பதில்லை?" என்பது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, பிள்ளைகள் கிராமத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து வருகிறார்கள், ஆங்கிலம்தான் காரணம் என்று அறிக்கையின் பாதியை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். சோமலதா அடித்துக் கொடுத்த ஆறு வகுப்புகளும் அதற்குச் சான்று என்று நம்பிக்கொண்டிருந்தார். வேலையை நிரந்தரமாக்கும் குழுவின் முன் அறிக்கையை வைக்க நான்கு நாள் இருக்கும்போதுதான் உட்கார்ந்து முழுசாகப் படித்தார் போலிருக்கிறது. மறுநாள் காலையில் பணிஸ் இல்லாமல் வந்து நின்றார்.

"சோமக்கா, ரெண்டாவது வகுப்புல பதினோராம் பக்கம் இருக்குதானே? அதை மட்டும் எடுத்திருங்க."

"ஏன் சேர்?"

"அது சும்மா சிரிக்கச் சொன்ன பகிடி. பாடத்துக்குச் சம்பந்தமில்ல."

சோமலதாவுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். அடியில் மணல் இருந்தும் வயலில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று பசிந்து கேட்டிருந்தார். நிலூஷா என்ற பெண் எழுந்து ஆங்கிலத்தில் தொடங்கினாள். எருமைகளை விட்டு வயல் சேற்றை மிதிக்க வைப்பதற்கு ஆங்கிலச் சொல் கிடைக்காமல் ஊர்ச் சொல்லையே சொன்னாள். உடனே பசிந்து, "பொண்ணு இங்கிலீஷையும் எருமை விட்டு மிதிச்சிட்டா போல" என்றார். வகுப்பே சிரித்தது. சோமலதா அடைப்புக்குறிக்குள் "சிரிப்பு, ஏழு நொடி" என்று அடித்திருந்தாள். அதற்குப் பிறகு வந்த நான்கு வகுப்புகளிலும் மாணவர் குரல் என்று ஒன்றுமே இல்லை.

"குழு இதைப் பார்த்தா என்னை நிரந்தரமாக்குவாங்களா அக்கா? வீட்ல சின்னப் புள்ள வேற. அந்தப் பொண்ணும்தான் சிரிச்சா. நீங்களே கேட்டீங்கதானே?"

அவர் குரல் உடைந்ததைக் கேட்டுச் சோமலதா அந்தக் கோப்பைத் திறந்தாள். ஒரு பக்கம்தானே? எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பக்க எண்களை மாற்ற இரண்டு நிமிடம் போதும். கை விசைப்பலகை மேலேயே இருந்தது. அந்த முதல் வகுப்புக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்கு எதையாவது துவைத்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது, அதை மறைக்க வேண்டியதில்லை.

"சேர், அந்தப் பக்கத்தைக் கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"சிரிப்பு வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேல படிக்க முடியல."

"அப்ப இதைக் கேளுங்க."

காதொலியை எடுத்து அவர் தலையில் மாட்டிவிட்டாள். அந்த ஏழு நொடியை அவள் ஒன்பது முறை கேட்டிருக்கிறாள், அவ்வளவு இரைச்சல். இரைச்சலுக்கு அடியில், உட்காரப் போகிறவளின் சன்னக் குரல் ஒன்று இருந்தது. பசிந்து முதலில் ஒன்றும் விளங்காமல் பார்த்தார். அவள் திரும்பவும் ஓடவிட்டாள். மூன்றாம் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நிலூஷா பதிலைப் பாதியில் விடவில்லை. சிங்களத்தில், தனக்குத் தானே சொல்லுகிறவள் மாதிரி, முடித்திருந்தாள்: "மிதிச்சு மிதிச்சு அடியில ஒரு தட்டு கட்டிரும் சேர். அதைத் தாண்டித் தண்ணி இறங்காது."

"சரியான பதில்," என்றார் பசிந்து. காதொலியைக் கழற்றவில்லை. "அக்கா, இதைவிடச் சரியா யாரும் சொல்லியிருக்க முடியாது. நானே மூணு பக்கம் குறிப்பு வச்சுக்கிட்டுத்தான் சொல்றேன்."

"அதையும் அடிச்சிருக்கேன் சேர். சிரிப்புக்குக் கீழதான் இருக்கு. இப்ப சொல்லுங்க, எடுத்திரவா?"

அவர் காதொலியைக் கழற்றி மேசையில் வைத்தார். சோமலதா பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றி, ஒரு துண்டு கருப்பட்டியோடு அவர் முன் வைத்தாள். பாதி குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "எழுதினதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு மறுபடி எழுதணும். மூணு நாளுதான் இருக்கு."

"எழுதுங்க. நான் அடிச்சுத் தாரேன்."

குழு என்ன சொன்னது என்று கேட்கிறவர்களுக்கு: இரண்டு மணி நேரம் வறுத்தெடுத்தார்கள், பிறகு நிரந்தரமாக்கினார்கள். ஆனால் சோமலதா யாரிடமாவது இந்தக் கதையைச் சொன்னால் அதைப் பற்றிப் பேசமாட்டாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்ததைத்தான் சொல்லுவாள்.

ஒரு மாணவர் பேசியதை அறிக்கையில் தனியாக எடுத்துப் போடுவதென்றால் அந்த மாணவரின் கையெழுத்து வேண்டும். அது நிலையத்தின் விதி. பசிந்துவால் தனியாகப் போக முடியவில்லை. "நீங்களும் வாங்க அக்கா" என்று சோமலதாவை நூலகத்து வாசலுக்குக் கூட்டிப் போனார். நிலூஷா பையைத் தோளில் இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றாள், ஏதோ குற்றம் செய்தவள்போல.

"நிலூஷா, அன்னைக்கு நான் உங்களைச் சொன்னது தப்பு. அதை அப்படியே எழுதியிருக்கேன். நீங்க சொன்னதையும் எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா கையெழுத்துப் போட வேணாம், நான் எடுத்திருவேன்."

அந்தப் பெண் தாளை வாங்கி மெதுவாகப் படித்தாள். எருமை வந்த இடத்தில் முகம் சிவந்தது. சிரிப்பைத் தாண்டினாள். கடைசி வரியில் விரலை வைத்தவள் எடுக்கவில்லை.

"இது யாருக்கும் கேட்டிருக்காதுன்னு நினைச்சேன்," என்றாள்.

"இந்த அக்காவுக்குக் கேட்டிச்சு."

நிலூஷா சோமலதாவைப் பார்த்தாள். பிறகு, வகுப்பில் ஐந்து வாரமாக யாரிடமும் எதுவும் கேட்காத அந்தப் பிள்ளை, தன் விரிவுரையாளரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"பதில் சரியா சேர்?"

"சரி. முழுசாச் சரி."

"அது எனக்குத் தெரியல சேர்," என்றாள். "தப்புன்னு நினைச்சு, போன வாரப் பரீட்சையில வேற மாதிரி எழுதிட்டேன்."