நான் விட்டதா, அவன் அடித்ததா

எங்கள் பாங்கின் கால்பந்து கிளப் எப்படித் தொடங்கியது என்று யாராவது கேட்டால் எனக்கு அலுப்புத்தான் வரும். பெரிய லட்சியமெல்லாம் கிடையாது. அடுத்த தெருவில் இருந்த இன்னொரு பாங்கு ஒரு டீம் வைத்திருந்தது. அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் ராயபுரத்து வியாபாரிகள் அங்கே போய்க் கணக்குத் திறக்கிறார்கள் என்று எங்கள் ஏஜென்டுக்கு ஒரு நினைப்பு. அந்தக் காலத்தில் கிளையின் தலைவரை ஏஜென்ட் என்றுதான் சொல்வோம். அவர், கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்துக்கொண்டிருந்த எங்களைக் கூட்டிவந்து, பச்சைச் சட்டை மாட்டி, பியூன் என்று பேர் வைத்தார்.

பேருக்குத்தான் பியூன் என்று நினைத்தோம். வேலையும் நிஜமாகவே இருந்தது. காலையில் வந்து கதவு திறக்க வேண்டும். இரும்பு அறையிலிருந்து சில்லறை மூட்டைகளைக் கவுண்டருக்குத் தூக்க வேண்டும். அப்புறம் தபால் ஆபீஸ், ஹார்பர், மறுபடியும் கவுண்டர். சாயங்காலம் அந்தக் காலோடு மைதானத்துக்கு ஓட வேண்டும். ஒரு சம்பளத்துக்கு இரண்டு உடம்பு கேட்டார்கள். நான் கோல் கீப்பர். சும்மா நிற்கிற வேலைதானே என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். பகலெல்லாம் நின்றுவிட்டு அங்கேயும் போய் நிற்கிறவனைக் கேட்டால் தெரியும்.

நாங்கள் எல்லோரும் டெம்பரவரி. யாரைப் பர்மனென்ட் ஆக்குவது என்பது ஏஜென்ட் கையில்தான் இருந்தது. எனக்கு அது கட்டாயம் வேண்டியிருந்தது. அப்பாவின் கட்டுமரத்துக்குத் திரும்பிப் போக எனக்கு மனசில்லை. அதோடு, பேசி வைத்திருந்த பெண்ணின் அப்பா ஒவ்வொரு பண்டிகைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்: "வேல பர்மனென்ட் ஆவட்டும் நைனா, அப்பால நாள் பாக்கலாம்."

பாங்கு டீமுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. லீக் ஆட்டம் என்றால் ஜெயிக்க வேண்டும். பெரிய கணக்கு வைத்திருக்கும் கம்பெனியோடு நட்பு ஆட்டம் என்றால் பதமாகத் தோற்க வேண்டும். முதலாளிகள் படியேறி வந்தால் எழுந்து நின்று கும்பிடுவோமே, அந்த மாதிரி இதுவும் ஒரு மரியாதை. யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. எனக்கும் தோன்றியதில்லை, களைப்பாக மட்டும் இருக்கும்.

அந்த வருஷம் திருவொற்றியூர் இரும்புக் கம்பெனியோடு ஆட்டம். கணக்கை வேறு பாங்குக்கு மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு. ஏஜென்ட் முதல் நாள் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "நாளைக்கு முதலாளி குடும்பத்தோட வர்றாருப்பா. நீ கொஞ்சம் பார்த்து நடந்துக்கோ. உன் பர்மனென்ட் ஆர்டர் என் மேஜை மேலதான் இருக்கு" என்றார். தோற்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

டோல்கேட்டைத் தாண்டி ஒரு மண் மைதானத்தில் ஆட்டம். கம்பெனியின் சென்டர் பார்வர்டு பேர்போன ஆள். வார்ப்புச் சாலையில் வேலை, கையெல்லாம் நெருப்புப் பட்ட வடு, அவன் அடித்தால் பந்தைப் பிடிக்கவே பயப்படுவார்கள். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தனியாகப் பந்தோடு வந்தான். நான் இடது பக்கம் நகர்ந்து வலது பக்கத்தைத் திறந்துவிட்டேன். அவன் நான் நிற்கிற பக்கமே பார்த்துப் பந்தை மெதுவாக என் கையிலேயே தட்டிவிட்டான். மறுபடி வந்தான், மறுபடியும் அதே கதை. எனக்கு எரிச்சலாக வந்தது. தோற்க ஆசைப்படுகிறவனுக்குக்கூட இவ்வளவு கஷ்டமா?

கூட்டத்துக்குப் புரியாமலா போகும்? ராயபுரத்துக்காரனுக்குப் பந்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். "இன்னாடா, கொயந்தைக்கு சோறு ஊட்டினுகீறியா?" என்று அவனைப் பார்த்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாம் பாதியில் ஒரு கார்னர். பந்து வருவதற்குக் காத்துக்கொண்டு இருவரும் பக்கத்தில் நின்றோம். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "இன்னா நைனா, இம்மாம் பெரிசா தொறந்து வச்சிகீறேன், அடிக்க மாட்டேன்றியே?"

அவன் திரும்பிப் பார்த்தான். "நீ எதுக்கு தொறந்து வெக்கிற? எங்க மொதலாளி உங்க கையில தோக்கச் சொல்லிக்கீறாரு. பாங்குல கடன் வோணுமாம்."

"எங்க ஏஜென்ட் உங்க கையில தோக்கச் சொல்லிக்கீறாரு. உங்க கணக்கு போயிடக் கூடாதாம்."

அவன் சிரிக்கவில்லை. முகத்து வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "பேஜாருப்பா" என்றான். "மிச்ச நேரம் நெஜமா ஆடலாமா?" என்று கேட்டான்.

"ஆடலாம்" என்றேன்.

அப்புறம் ஆடினோம். அவன் அடிக்க, நான் பாய்ந்து தட்ட, கூட்டம் அடங்கிப்போனது. அடிவயிற்றில் வாங்கிய ஒரு பந்து இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பகலெல்லாம் மூட்டை தூக்கிய அலுப்பு எங்கே போனதோ தெரியவில்லை. மேஜை மேல் இருந்த ஆர்டரும் நினைப்பில் இல்லை. முடியப்போகிற நேரத்தில் அவன் தூரத்திலிருந்தே ஒன்று அடித்தான். அடித்த உடனே பார்த்துவிட்டேன். உடம்பு முழுக்க நீட்டிப் பாய்ந்தேன். விரல் நுனியில் பட்டது. பட்டும் நிற்காமல் கம்பத்தை ஒட்டி உள்ளே போய்விட்டது. மண்ணில் குப்புறக் கிடந்தேன். தோற்றதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

ஏஜென்ட் வந்து தோளில் தட்டினார். "பிரமாதம்ப்பா. கை பட்டுப் போற மாதிரி விட்டே பாரு, எவனுக்கும் சந்தேகமே வராது."

"இல்ல சார், நெஜமாவே அடிச்சிட்டான்."

"இதையே சொல்லு, எல்லார்கிட்டயும்" என்று சிரித்தார். அந்த வாரமே எனக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அதே வாரம் அவனை இரும்புக் கம்பெனியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தோற்கச் சொன்னால் கோல் போட்டானே என்று கோபம். கடைசியில் முதலாளிக்குக் கடனும் கிடைத்தது, எங்களை விட்டுக் கணக்கும் போகவில்லை.

ஏஜென்ட் இந்தக் கதையைப் பெருமையாக நாலு பேரிடம் சொன்னார். ராயபுரம் முழுக்கப் பரவிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவியே, கோபம் வந்தால், "நீ வுட்ட கோலுல கட்டின தாலி" என்பாள். முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்த ஏஜென்ட் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்கு டென்னிஸ்தான் பிடிக்கும். கிளப்பின் சரித்திரம் அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம், அந்த சென்டர் பார்வர்டு பாங்கு வாசலுக்கு வந்தான். ஹார்பரில் மூட்டை தூக்குகிறானாம், இளைத்துப்போயிருந்தான். நான் காக்கிச் சட்டையும், மார்பில் பாங்கின் பேர் பொறித்த பித்தளை வில்லையுமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் நைனா. அன்னிக்கி நீ வுட்டியா, நான் அடிச்சனா? அல்லாரும் நீ வுட்டதாத்தான் சொல்றாங்க. வேல போனது போவட்டும். அத்த மட்டும் சொல்லு."

"நீ அடிச்சதுதான். சத்தியமா எனக்கு எட்டல."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் மார்பில் இருந்த வில்லையைப் பார்த்தான். "சரி நைனா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவன் நம்பவில்லை. அவன் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.