சேனை வைத்த விரல்: திண்டிவனம் – விழுப்புரம் – கெடார்

இந்தத் தளத்தில் பரோட்டாவுக்கு மதிப்பெண் போடுகிற ஆள் நான். எந்தக் கடையில் சால்னா தண்ணியாக இருக்கிறது, எந்த பஸ் விக்கிரவாண்டியில் அநாவசியமாக நிற்கிறது என்றெல்லாம் எழுதித்தான் உங்களுக்குப் பழக்கம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போய்வந்தது வேறு மாதிரியான பயணம். ஒரு தாளை வாங்கப் போனேன்.

பதினான்கு மாதங்களுக்கு முன் எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஏழு நாள் இருந்தான். பிறந்தது ஒரு தனியார் மருத்துவமனையில். பெயர் போடவில்லை, வழக்கைத் தாங்கும் தெம்பு எனக்கில்லை. பிறந்த அன்று என் அக்கா செல்வி சேனை வைத்தாள். பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் கோபம் வந்துவிடக் கூடாது, அக்காவின் பொறுமை வரட்டும் என்று கெடாரிலிருந்து அவளை வரவழைத்தவனே நான்தான்.

மறுநாள் மஞ்சள்காமாலை என்று குழந்தையைப் பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு எடுத்துப்போனார்கள். நான்காம் நாள் காய்ச்சல். ரத்தத்தில் கிருமி என்றார்கள். "வாயில இன்னா வச்சீங்க?" என்று நர்ஸ் கேட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். வீட்டார் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள் என்று கேஸ் ஷீட்டிலும் எழுதிக்கொண்டார்கள். குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து நான் அக்காவிடம் சொன்னது இது: "உன் கையாலதான் போச்சு. இனிமே என் வாசப்படிய மிதிக்காத." அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

இந்தப் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு போன். குழந்தையின் ரத்தத்தில் வளர்ந்த கிருமியை உறையவைத்திருந்தார்களாம். ஓர் ஆராய்ச்சிக் குழு அதன் மரபணுவை முழுக்கப் படித்திருக்கிறது, முடிவு வேண்டுமென்றால் விழுப்புரத்தில் வேறோர் ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் அவர்கள் அலுவலகத்துக்கு நேரில் வாருங்கள் என்றார்கள். அன்று நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேனே, அதில் இதற்கான சம்மதமும் ஒன்று. என் மனைவி கவிதா வரவில்லை. "போயிட்டு வந்து இன்னான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

காலை 7.40க்குத் திண்டிவனத்தில் பஸ். விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர், டிக்கெட் 32 ரூபாய். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகளின் பின்னால் பத்து நிமிடம் போனது. 8.50க்கு விழுப்புரம். பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு 80 ரூபாய். ஆஸ்பத்திரி வளாகம் என்றதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கொழந்த பொறந்துக்குதா சார்? ஸ்வீட் கடையாண்ட நிறுத்தட்டா? வெறுங்கையோட போவாதீங்க."

"வேணாங்க, நேரா போங்க" என்றேன். நல்ல மனிதர்தான். அவர்மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு அவர் பொறுப்பில்லை.

என்னைச் சந்தித்த, அந்த ஆராய்ச்சிக் குழுவின் பெண் டாக்டருக்கு முப்பது வயதிருக்கலாம். மேஜைமேல் வேறெதுவும் வைக்காமல் ஒரே ஒரு தாளை வைத்திருந்தார். மெதுவாகப் பேசினார்.

"கிருமிக்கும் மரபணு இருக்குங்க. ஐம்பது லட்சம் எழுத்துக்கு மேல இருக்கும். உங்க குழந்தை ரத்தத்துல இருந்த கிருமியையும், அந்த வார்டுல இன்னும் நாலு குழந்தைங்ககிட்ட எடுத்ததையும் எழுத்து எழுத்தா ஒப்பிட்டோம். விரல் விட்டு எண்ணுற அளவுலதான் வித்தியாசம். எல்லாம் ஒரே இடத்துலேர்ந்து பரவினது. சளி உறிஞ்சுற மிஷினோட பாட்டில்லயும் அதே கிருமிதான்."

"எங்க அக்கா சேனை வச்சாங்க மேடம்."

"சேனை வைக்கவே கூடாதுங்க, அது வேற. ஆனா இந்தக் கிருமி அதுல வரல. நாலு பேர்ல முதல் குழந்தைக்கு இது வந்தப்ப உங்க குழந்தை பொறக்கவே இல்ல. அப்ப உங்க அக்கா அந்த வார்டு பக்கம் வந்திருக்கவே மாட்டாங்க இல்ல?"

இதைக் கண்டுபிடிக்க ஐம்பது லட்சம் எழுத்துகளைப் படித்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் யாருக்காவது இப்படி ஆனதா என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. அக்காவைத் திட்டுவது சுலபமாக இருந்தது. மருத்துவமனை அந்த பாட்டிலை மாற்றிவிட்டதாம். மன்னிப்புக் கடிதம் ஏதும் உண்டா என்று கேட்டேன். டாக்டர் தலைகுனிந்துகொண்டார். அவருக்கும் அந்த மருத்துவமனைக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் அவர்தான் குனிந்தார்.

வெளியே வந்து திண்டிவனம் பஸ்ஸை விட்டுவிட்டுக் கெடார் பஸ் ஏறினேன். சுமார் 16 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள், எதையும் பார்க்கவில்லை.

அக்கா வாசலில் மல்லாட்டையை உடைத்துக் கடலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே சேலையில் கட்டிய ஏணையில் குழந்தை அழுதது. அவள் மகள் சுதாவின் பிள்ளை, மூன்று மாதம். எனக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. குழந்தை வீறிட்டும் அக்கா எழுந்திருக்கவில்லை. பின்கட்டிலிருந்து சுதா ஈரக்கையோடு ஓடிவந்து தூக்கினாள்.

"அம்மா தூக்கமாட்டாங்க மாமா" என்றாள் என்னிடம். "பொறந்ததுலேர்ந்து தொடல. கேட்டா, என் கை ஆவாதுன்றாங்க."

நின்றபடியே தாளைப் படித்தேன். புரியும்படி சொன்னேன். பாட்டில், நாலு குழந்தைகள், எழுத்துகள். அக்கா கை வேலையை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்தாள்.

"நீ கூப்ட்டுதானேடா வந்தேன்?"

"ஆமாக்கா."

"இந்தப் பேப்பர் வரலன்னா நான் கொன்னவளாவே செத்துப்போயிருப்பேன். அப்டித்தானே?"

காலில் விழலாமா என்று நினைத்தேன், அது நாடகமாகத் தோன்றியது. சுதா குழந்தையை நீட்டினாள். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு கைகளையும் புடவையில் துடைத்தாள், பார்த்தாள், மறுபடி துடைத்தாள்.

"அந்த நாலு புள்ளைங்க வூட்லயும் யாரையாச்சும் சொல்லிக்கினு இருப்பாங்கல்ல? அவங்களுக்குப் பேப்பர் போச்சா?"

திரும்பும்போது பஸ்ஸிலிருந்தே டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். இரண்டு வீடுகளில் போன் எண் மாறிவிட்டது. ஒரு வீட்டில் வேண்டாமென்று வைத்துவிட்டார்கள். இன்னொருவர் வருகிறேன் என்றார், வரவில்லை.

வழக்கம்போல் குறிப்புகள். டிஸ்சார்ஜ் தாளும் ஆதார் நகலும் எடுத்துப்போங்கள். வார்டில் இருக்கும்போதே, ரத்தத்தில் வளர்ந்தது என்ன கிருமி என்று காட்டும் "கல்ச்சர் ரிப்போர்ட்" கேட்டு வாங்கிவையுங்கள். கிருமியைச் சேமித்து வைத்திருக்கிறார்களா, பக்கத்துக் குழந்தைகளுக்கும் வந்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள். காலை பஸ்ஸே நல்லது, மதியத்துக்கு மேல் டாக்டர் இருப்பதில்லை.

போன வருடம் அந்தப் பக்கத்து வார்டு ஒன்றில் குழந்தையை இழந்து, வீட்டில் ஒருத்தியைக் கைகாட்டிவிட்டு இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால், கீழே ஒரு வரி எழுதுங்கள். நானே கூட்டிப்போகிறேன். அக்கா இன்னும் அந்தக் குழந்தையைத் தூக்கவில்லை.